யான் ஹெட்போன் வாங்கிய வரலாறு

சிறுபொருள் கொண்டு நிறைபயன் பெறும் வித்தையைக் கல்லூரி மாணவர் எவரும் ஆசிரியரின்றியே பயின்று விடுகின்றனர். உணவு, புத்தகம், ரயில் கட்டணம் ஆகியவை போக எஞ்சுவது யாதோ அதனைக்கொண்டே நம் ஆசைகள் அனைத்தும் நிறைவேற வேண்டியிருக்கின்றன. அங்ஙனம் எஞ்சிய தொகையைச் சிறுகச் சேர்த்து, சென்ற ஆண்டு 1,500 ரூபாய் கையிற்கொண்டு, ஒரு நல்ல ஹெட்போன் வாங்கப் புகுந்தேன். வாங்கி முடிக்க மூன்று திங்கள் ஆயின. அவ்வரலாற்றை ஈண்டு எழுதுகின்றேன். இதுவும் ஒரு பொருளா என்று நண்பர்கள் ஏட்டைப் புரட்டிவிடாதிருக்க வேண்டுகின்றேன்; காதின் மேல் அமரும் கருவியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் காதைப் பற்றியும் பேசவேண்டி வருகின்றது.

முதற்கண் என் நிலைமையைக் கூறவேண்டும். என் இல்லம் மண்ணடியை அடுத்துள்ளது, கல்லூரியோ தாம்பரத்தில். கடற்கரை நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர், மாம்பலம், கிண்டி, பரங்கிமலை முதலிய இடங்களைக் கடந்து இங்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் செல்லும். 1931-ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடிய பாதை இது என்று பெருமை கூறுவர். பெருமைக்குரிய அப்பாதையில் அமைதி மட்டும் இல்லை. சக்கரத்தின் ஒலி, மின்விசிறியின் ஒலி, சுண்டல் விற்போர் குரல், கைபேசியில் உரக்கப் பேசும் அன்பர்கள் ஆகிய இவையனைத்தும் போதாவென்று, திரிசூலத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் இடையே ஆகாய விமானம் தலைக்கு மேலே இறங்கும். நாளொன்றுக்கு இருமுறை, வாரத்துக்கு ஆறு நாள். ஆக 12 மணி நேரம் இவ்விரைச்சலில் யான் வாழ்கின்றேன். இசை கேட்பதற்கு எனக்கு வாய்க்கும் காலமும் அதுவே.

இசை தரும் கருவி ஏற்கெனவே என்னிடம் இருந்தது. பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய மின்விசிறிகளுக்கும் தையல் இயந்திரங்களுக்கும் நடுவே கிடந்த சிறிய மியூசிக் பிளேயர் அது. தீப்பெட்டியினும் சற்றே பெரிது. அதில் ஒரு மெமரி கார்டு செருகலாம், 3.5 மில்லிமீட்டர் துளை ஒன்றுண்டு. இக்காலத்துக் கைபேசிகள் பலவற்றில் அத்துளையை அடைத்து விட்டனர். கைபேசியிலேயே பாட்டுக் கேட்கலாமே என்று வினவுவோர்க்கு என் விடை இதுதான்: இக்கருவியில் யாரும் என்னை அழைப்பதில்லை. நாகசுரமும் வீணையும் மிருதங்கமுமாக முந்நூறு மணி நேரத்து இசை அதனுள் இருந்தது. கேட்கும் வாயில் மட்டுமே இல்லை.

ஹெட்போன் நம் நகரத்துக்குப் புதிதன்று. 1924-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலானோர் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் அதன் ஒலிபரப்புத் தொடங்கிற்று. 1927-இல் பொருள் முட்டுப்பாட்டால் அது நின்றது. பின்னர் 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொட்டு நகராண்மைக் கழகம் அப்பணியை ஏற்று நடத்தியது. அக்காலத்தில் எளியோர் கையிலிருந்த கிறிஸ்டல் செட் என்னும் பெட்டிக்கு மின்சாரமும் வேண்டா, பாட்டரியும் வேண்டா. வானத்தில் பரவி வரும் அலையின் சிறு வலிமையே ஒலியாக மாறவேண்டும். ஆதலின் மெல்லிய கம்பியைப் பல்லாயிரம் சுற்றுச் சுற்றி, 2,000 ஓம் அளவு மின்தடை கொண்ட ஹெட்போன்களைச் செய்தனர். ஆற்றல் குன்றிய பெட்டிக்கு நுண்ணுணர்வு மிக்க செவிக்கருவி வேண்டும் என்பதே அதன் உட்பொருள். இன்று என் தீப்பெட்டிக்கும் அவ்விதி பொருந்தும். எங்ஙனமெனப் பின்னர்க் கூறுவேன்.

நடந்துகொண்டே இசை கேட்கும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பியது 1979-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஜப்பானில் வெளிவந்த சோனி வாக்மன். அதனோடு வந்த ஹெட்போன் மிக இலேசானது. இரு பஞ்சு வட்டங்களைக் காதின் மேல் வைத்தது போன்றது. அதற்கு முன் ஹெட்போன் என்றால் தலைக்கு ஒரு பாரம். 2001-இல் ஆப்பிள் கம்பெனியார் ஐபாடை வெளியிட்டபோது கொடுத்ததோ காதின் வாயிலில் தொங்கும் வெண்ணிறச் சிறு பொத்தான். இவ்விருவகையும் காதை அடைப்பன அல்ல. உள்ளிருக்கும் பாட்டு வெளியே கசியும். வெளியிருக்கும் இரைச்சல் உள்ளே நுழையும். நூலகத்தின் மூலையிலோ வீட்டு மாடியிலோ அமர்ந்து கேட்போர்க்கு இவை இனியவை. 1984 முதல் இன்றுவரை விற்கப்படும் காஸ் போர்ட்டா ப்ரோ என்னும் ஹெட்போன் இவ்வகையிற் சேர்ந்தது. பலரும் அதன் புகழ் பாடக் கேட்டு யானும் அதையே விரும்பியிருந்தேன். எனினும் கேட்குமிடம் மின்சார ரயில் என்றபோது அவ்விருப்பத்தைக் கைவிட நேர்ந்தது. அதற்குக் காரணம் என் தந்தையார்.

என் தந்தையார் முப்பதாண்டுகள் ஒரு பட்டறையில் பழைய இரும்புப் பீப்பாய்களைச் சம்மட்டியால் தட்டி நிமிர்த்தும் தொழில் செய்தவர். நாகசுரத்தில் தீராத பற்றுடையவர். என் சிறு வயதில் பங்குனித் திருவிழாவுக்கு மயிலாப்பூர் செல்லும்போது என்னைத் தோளில் தூக்கி, நாகசுரக்காரருக்கு நேர் எதிரே இடம் பிடித்து நிறுத்துவார். நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே விழாவில், அதே மாட வீதியில், என் பக்கம் திரும்பி, "என்னப்பா, தாளக்காரர் வெறுங்கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறாரே, தட்டமாட்டாரா?" என்று வினவினார். தாளக்காரர் தட்டிக்கொண்டுதான் இருந்தார். கைத்தாளத்தின் கணீரென்ற ஒலி எனக்குக் காதைத் துளைத்தது. தவிலின் முழக்கம் என் தந்தையார்க்குக் கேட்டது. நாகசுரமும் ஒருவாறு கேட்டது. தாளம் மட்டும் கேட்கவில்லை.

பிற்பாடு காது மருத்துவர் ஒரு வரைபடத்தை எங்கள் முன் விரித்தார். தாழ்ந்த சுருதிகளில் கோடு ஏறக்குறைய நேராகச் சென்று, விநாடிக்கு 4,000 அதிர்வு என்னுமிடத்தில் கிணற்றில் வீழ்ந்தது போல் கீழே இறங்கியிருந்தது. இரைச்சலால் கெட்ட காதுகளுக்கு அக்கிணறே அடையாளம் என்றார். காதின் உள்ளே நத்தைக்கூடு போன்ற உறுப்பில் மயிர்க்கால் போன்ற அணுக்கள் ஏறக்குறைய 15,000 உள்ளன. பேரொலி ஓயாது தாக்கின் அவை மடிகின்றன. தலைமயிர் உதிர்ந்தால் முளைத்தாலும் முளைக்கும்; மனிதர் காதில் இவை மீண்டும் முளைப்பதில்லை. மருத்துவர் இதனைச் சொல்லி முடித்ததும், தந்தையார் தம் நிலையைப் பற்றி ஒன்றும் கேட்டாரில்லை. என்னைச் சுட்டிக்காட்டி, "இவன் காதையும் பார்த்துவிடுங்கள்" என்றார். என் கோடு நேராகவே இருந்தது. அக்காகிதத்தை அவர் இன்றும் என் பள்ளிச் சான்றிதழ்களோடு ஒன்றாகக் கட்டி வைத்திருக்கின்றார்.

இக்காரணத்தால் யான் கடைக்குப் போகுமுன் கணக்கில் இறங்கினேன். உலகச் சுகாதார நிறுவனத்தாரும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தாரும் கூடி 2018-இல் வகுத்த அளவு ஒன்றுண்டு. வயது வந்தோர் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் அளவில் கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறுந்தோறும் காலம் பாதியாகக் குறையவேண்டும். 83-க்கு 20 மணி. 86-க்கு 10 மணி. 90-க்கு ஏறக்குறைய 4 மணி மட்டுமே. இனி, ரயில் பெட்டியின் இரைச்சல் 80 டெசிபெல் என்று கொள்வோம். காதை அடைக்காத ஹெட்போனில் அவ்விரைச்சலை மீறி வீணையின் கமகம் கேட்கவேண்டுமானால் 90-க்குக் குறைந்து பயனில்லை. யான் பயணம் செய்வதோ வாரத்துக்கு 12 மணி நேரம். பொறுக்கத்தக்க அளவினும் மும்மடங்காயிற்று. காதை நன்றாக அடைக்கும் கருவியோ வெளியிரைச்சலில் 20 டெசிபெல் வரை தடுத்துவிடும். அப்போது 70 டெசிபெல்லிலேயே பாட்டுத் தெளிவாகக் கேட்கும். ஆக, எனக்கு வேண்டியது பேரோசை எழுப்பும் கருவியன்று. வெளியோசையைப் புகவிடாத கருவி.

அடைக்கும் கருவிகளும் பலவகை. காது முழுவதையும் கவிந்துகொள்ளும் பெரிய ஹெட்போன் ஒன்று. மார்கழியில் அது சுகம். சித்திரையில், தாம்பரம் நிலையத்து மேம்பாலத்தில் ஏறி இறங்குவோர் காதில் அது வெந்நீர் ஒத்தடம். இரைச்சலை எதிரொலியால் அழிக்கும் மின்னணு வகை மற்றொன்று. ஓயாது உறுமும் தாழ்ந்த ஒலிகளை அது வியக்கத்தக்க முறையில் விழுங்குகின்றது. ஆனால் அவற்றுள் நல்லவை என் பணத்துக்கு எட்டா. கம்பியில்லா வகையைப் பற்றி நண்பர்கள் பலர் வற்புறுத்தினர். அதனுள் இருக்கும் சிறு பாட்டரி சில ஆண்டுகளில் சோர்ந்துவிடும்; சோர்ந்தால் மாற்றுவது அரிது. மேலும் என் தீப்பெட்டிக்குப் புளூடூத் தெரியாது. எஞ்சியது, காதுத் துளையினுள் ரப்பர்க் குல்லாயுடன் செருகும் கம்பி இயர்போன் ஒன்றே. தலைப்பில் ஹெட்போன் என்று எழுதிவிட்டு இயர்போனில் வந்து முடிகின்றேனே என்று இலக்கணம் பேசுவோர் பொறுத்தருள்க. எங்கள் வீட்டில் இரண்டுக்கும் அதுவே பெயர்.

இனி, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். '20 முதல் 20,000 வரை' என்று அதிர்வெண்ணைக் குறித்திராத பெட்டியே இல்லை. எத்தனை டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று உடன் சொல்லாவிடில் அவ்வெண்ணால் யாதொரு பயனுமில்லை. ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் எல்லைக்கோட்டை அடைந்தான் என்பது போல. ஓடி அடைந்தானா, ஊர்ந்து அடைந்தானா என்பது தெரியவில்லை. உண்மையில் நோக்கவேண்டிய எண்கள் இரண்டே. ஒன்று மின்தடை; மற்றொன்று ஒரு மில்லிவாட் ஆற்றலுக்கு எத்தனை டெசிபெல் ஒலி எழும் என்பது. என் பிளேயர் 16 ஓம் தடையில் பக்கத்துக்கு 5 மில்லிவாட் தரும். ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபெல் தரும் இயர்போனை அதில் செருகின் 107 வரை எழும். எனக்கு வேண்டியதற்கு மிக அதிகம். அதே பிளேயரில் இசைப்பதிவுக் கூடங்களில் வழங்கும் 300 ஓம் ஹெட்போனைச் செருகினால் ஐந்து மில்லிவாட் கால் மில்லிவாட்டாகச் சுருங்கிவிடும். விலையுயர்ந்த அக்கருவி என் கையில் ஊமையாகவே இருந்திருக்கும். கிறிஸ்டல் செட்டுக்காரர் அறிந்திருந்தது இதுவே: பெட்டிக்கும் செவிக்கருவிக்கும் பொருத்தம் பார்த்தல் வேண்டும்.

விலையைப் பற்றியும் ஒரு செய்தி. யெரூன் பிரேபார்ட் என்னும் ஒலியியல் ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை ஒப்பிட்டு 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை ஒலி எவ்வாறு அமைகின்றது என்பதற்கும் கடை விலைக்கும் தொடர்பு ஒன்றும் காணப்படவில்லை என்பதே அவர் கண்ட முடிவு. விலையேறிய கருவியில் தோலும் உலோகமும் உறுதியும் அழகும் இருக்கலாம், அவை பொய்யல்ல. ஒலி மட்டும் அதற்கேற்ப ஏறுவதில்லை. இச்செய்தியைப் படித்த நாள் முதல் என் 1,500 ரூபாய் எனக்குச் சிறிதாகத் தோன்றவில்லை.

முதலில் பர்மா பஜாருக்குச் சென்றேன். கடற்கரை நிலையத்துக்கு அருகிலேயே இருப்பது. பர்மாவினின்றும் திரும்பி வந்த தமிழர் வாழ்வுக்காக 1969-இல் எழுந்த கடைத்தெரு அது. பெரிய கம்பெனிகளின் பெயர் பொறித்த இயர்போன்கள் அங்குச் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தன. பெயரில் ஓர் எழுத்து மட்டும் இடம் மாறியிருந்தது. கடைக்காரர் அதை மறைக்கவுமில்லை. "அசல் வேண்டுமென்றால் அசல் விலை, தம்பி" என்று சிரித்தார். அந்நேர்மைக்காக அவரிடம் ஒரு சார்ஜர்க் கம்பி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பின்னர் மவுண்ட் ரோட்டை அடுத்த ரிச்சி தெரு. மின்னணுப் பொருள்களுக்கென்றே அமைந்த அத்தெருவில் ஒரு சனிக்கிழமை முழுதும் கழித்தேன். கடைக்காரர் ஒருவர் தம் கைபேசியில் அதிரடியான திரைப்பாட்டு ஒன்றை வைத்து, ஒலியை உச்சத்துக்கு ஏற்றி, "எப்படி, தம்பி?" என்றார். எந்தப் பொருளும் உரக்கக் கேட்கையில் நன்றாயிருப்பது போலத் தோன்றும். இது மனித காதின் இயல்பு. இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது, இரண்டும் ஒரே உரப்பில் ஒலித்தாலன்றி ஒப்பீடு செல்லாது. ஆதலின் யான், "அண்ணே, என் பிளேயரில் கேட்டுப் பார்க்கட்டுமா?" என்று வேண்டினேன். முதற்கடைக்காரர் முகம் சுளித்தார். மூன்றாங்கடைக்காரர் ஒரு முக்காலியே கொடுத்தார்.

யான் பரிசோதித்த முறை இது. முதலில் தம்புரா மட்டும் ஒலிக்கும் பதிவு. நல்ல கருவியில் நான்கு தந்திகளும் ஒன்றோடொன்று கலந்து ஒரு நீரோட்டமாகச் செல்லும். தீய கருவியில் ஈயின் ரீங்காரம் மட்டும் மேலே மிதக்கும். அடுத்து மிருதங்கம். அதன் தொப்பி என்னும் இடப்பக்கத்துக் கும்காரம் கேட்கவில்லையாயின் கருவியைக் குறை கூறுமுன் குல்லாயை நோக்கவேண்டும். காதுக்கும் குல்லாய்க்கும் இடையே சிறிது இடைவெளி இருப்பினும் தாழ்ந்த ஒலி முழுதும் அவ்வழியே ஓடிவிடும். என் வலக்காதுக்கு நடுத்தரக் குல்லாயும் இடக்காதுக்குச் சிறிய குல்லாயும் பொருந்தின. இரு காதும் ஒரே அளவாயிருக்கவேண்டும் என்னும் விதி இல்லை என்பதை அம்முக்காலியில் அமர்ந்தே அறிந்தேன். வேறொருவர் காதில் புகுந்த குல்லாயை அப்படியே செருகிக்கொள்ளல் ஆகாது என்று அஞ்சி, புதிய குல்லாய்கள் சில கையோடு கொண்டு சென்றிருந்தேன். மூன்றாவது நாகசுரம். 3,000, 4,000 அதிர்வுகளில் மிகை செய்யும் கருவிகள் நாகசுரத்தை ஊதுகுழலாக்கிவிடும். பத்து நிமிடத்தில் காது வலிக்கும். திரைப்பாட்டில் பளபளப்பாகத் தோன்றிய இரு கருவிகள் இச்சோதனையில் தோற்றன. இறுதியாக, இசையை நிறுத்திவிட்டு வெறுங்கருவியைக் காதில் வைத்தபடி தெருவைக் கேட்டேன். ஆட்டோக்களின் ஒலி எவ்வளவு தணிகின்றது என்பதே எனக்குத் தலையாய சோதனை.

தேறியது 1,150 ரூபாய்க் கருவி ஒன்று. இது சீனத்தின் சிறு கம்பெனி ஒன்றின் ஆக்கம். அண்மை ஆண்டுகளில் இத்தகைய கம்பெனிகள் பல, எளிய விலையில் நல்ல இயர்போன்களைச் செய்து உலகெங்கும் அனுப்புகின்றன. இதில் என்னைக் கவர்ந்த தனிச்சிறப்பு, கம்பி கழற்றத்தக்கது என்பது. எந்த இயர்போனுக்கும் முதற்சாவு கம்பியில்தான் நேர்கின்றது. அதுவும் செருகுமுனையை ஒட்டி, சட்டைப்பையில் நாள்தோறும் மடங்குமிடத்தில். கம்பி ஒட்டிய கருவியாயின் அத்தோடு முடிந்தது. இதற்கோ வேறு கம்பி வாங்கிச் செருகினால் போதும். எஞ்சிய 350 ரூபாயில் ஒரு மாற்றுக் கம்பியும், காதினுள் விரிந்து அடைக்கும் நுரைப்பஞ்சுக் குல்லாய்கள் இரண்டு ஜோடியும் வாங்கினேன். இக்குல்லாய்களே ரயிலிரைச்சலை முற்றும் வென்றவை. ஆயின் சில திங்களில் நைந்துபோவன.

நன்றாக அடைக்கும் கருவியால் ஒரு பெருங்கேடும் உண்டு. அதைக் கூறாது விடல் தகாது. இரைச்சலைத் தடுக்கும் அதே குல்லாய் எதிர்வரும் ரயிலின் ஊதலையும் தடுக்கும். நம் பாதையில் இருப்புப்பாதையைக் குறுக்கே கடந்து உயிரிழப்போர் செய்தி அடிக்கடி வருகின்றது. அவர் காதில் இயர்போன் இருந்ததாக எழுதப்படுவதும் அரிதன்று. ஆதலின் ரயில் சானடோரியம் நிலையத்தை விட்டுப் புறப்பட்டவுடன் யான் இரண்டையும் கழற்றிச் சிறு தகரப் பெட்டியில் இட்டுவிடுகின்றேன். படியில் இறங்குவதும், சாலையைக் கடப்பதும், கல்லூரியின் மரநிழலில் நடப்பதும் வெறுங்காதுடனேயே. அம்மரங்களில் காலை வேளையில் ஒலிப்பவற்றுக்கு நுழைவுக்கட்டணமுமில்லை.

வீட்டில் தந்தையார் ஒருநாள் அதனைக் கேட்டு வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். நாகசுரப் பதிவு ஒன்றை வைத்தேன். ஒலியை எவ்வளவில் வைப்பது என்று தயங்குகையில் அவரே என் கையைப் பற்றி, "எனக்காக ஏற்றாதே, நீ கேட்கிற அளவே இருக்கட்டும்" என்றார். அரை மணி நேரம் கண் மூடியிருந்தார். பின்னர்க் கழற்றிக் கொடுத்து, தவில் வாசித்தவர் யார் என்று கேட்டார். மெமரி கார்டில் பெயர் இல்லை. அவர் ஒரு பெயரைச் சொன்னார். அடியைக் கேட்டால் தெரியாதா என்றார். இப்பொழுது ஞாயிறுதோறும் மாலையில் அக்கருவி அவரிடம் போய்விடுகின்றது. அவர் காதுக்குப் பெரிய குல்லாய் பொருந்துகின்றது. அவ்விரண்டையும் தனியே ஒரு காகிதத்தில் மடித்துத் தகரப் பெட்டியின் மூடிக்குள் வைத்திருக்கின்றோம்.